கெசாங்கில் இறங்கிய படை, நியூயார்க்கில் உயர்ந்த கை

காசாவிலோ உக்ரைனிலோ குண்டு விழுந்த செய்தி வரும் நாள்களில், நம் பக்கத்துக் கடைகளில் தே தாரிக் ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது: அனைத்துலகச் சட்டமாவது மண்ணாங்கட்டியாவது, வல்லான் வகுத்ததே வாய்க்கால். புக்கிட் பெருவாங்கில் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜாசின் பக்கத் தோட்டங்களில் மரம் சீவி ஓய்ந்த பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டமே இல்லை என்பது ஒன்று. சட்டத்தை நடத்திவைக்க வேண்டியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் எதைத் திருத்தச் சொல்லிக் கேட்பது என்பதே தெரியாமல் போய்விடும். இதை விளக்க காசா வரை போக வேண்டியதில்லை. கெசாங் ஆறு போதும்.

மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லையாக ஓடும் ஆறு அது. புக்கிட் பெருவாங்கிலிருந்து மெர்லிமாவ் வழியாகப் போனால் அதன் முகத்துவாரம் ஒரு மணி நேரத் தொலைவுகூட இல்லை. 1964 அக்டோபர் 29 அன்று அங்கே இந்தோனேசியப் படையினர் ஐம்பது பேருக்கு மேல் படகில் வந்து இறங்கினார்கள். சுங்கை ஊடாங் பக்கம் தெரெண்டாக் முகாமில் இருந்த ஆஸ்திரேலியப் படைப்பிரிவும் மற்ற காமன்வெல்த் படையினரும் தேடலில் இறங்கி, ஓரிரு நாளில் ஏறக்குறைய எல்லாரையும் பிடித்துவிட்டார்கள். பெரிய சண்டை இல்லை. அதனால்தானோ என்னவோ, மலேசியாவை எதிர்த்து இந்தோனேசியா நடத்திய மோதலைப் பள்ளிப் பாடத்தில் ‘கொன்ஃப்ரோந்தாசி’ என்று படித்துவிட்டு, அது எங்கோ சரவாக் காட்டில் நடந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் வாசல் வரை வந்த போர் அது.

அதற்கு முன்பே இரண்டு முறை தீபகற்பத்தில் ஊடுருவல் நடந்திருந்தது. ஆகஸ்ட் 17 அன்று பொந்தியான் கரையில் சுமார் நூறு பேர் இறங்கினார்கள். செப்டம்பர் 2 அன்று லாபிஸ் வட்டாரத்தில், ரப்பர்த் தோட்டங்களும் காடும் சூழ்ந்த இடத்தில், தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார்கள். மறுநாள் நாடு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மலேசியா அமைந்து அப்போது ஓராண்டுகூட ஆகவில்லை. அந்தச் சின்ன நாடு செய்த முதல் காரியங்களில் ஒன்று, நியூயார்க்குக்குப் போய் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் கதவைத் தட்டியது.

செப்டம்பர் 9 அன்று மன்றம் கூடியது. உள்துறை அமைச்சர் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மான் நேரில் போய் வழக்கை எடுத்துரைத்தார். பிடிபட்ட ஆயுதங்களை அங்கேயே காட்டினார். இந்தோனேசியாவின் சார்பில் பேசிய சுஜார்வோ, தம் நாட்டுத் தொண்டர்களும் கெரில்லாக்களும் உள்ளே புகுந்ததை மறுக்கவே இல்லை. மலேசியா என்ற நாடே பிரிட்டிஷ்காரன் வைத்த பொம்மை, அதை நாங்கள் ஏற்கவில்லை என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? ஐ.நா. சாசனத்தின் 2வது பிரிவு, 4வது உட்பிரிவு: எந்த நாடும் இன்னொரு நாட்டின் நிலப்பரப்புக்கோ அரசியல் விடுதலைக்கோ எதிராகப் படைபலத்தைப் பயன்படுத்தக் கூடாது, பயன்படுத்துவேன் என்று மிரட்டவும் கூடாது. அண்டை நாட்டை எனக்குப் பிடிக்கவில்லை, அதன் பிறப்பே சரியில்லை என்பதெல்லாம் இதற்கு விதிவிலக்கு ஆகாது. மேலும், சபாவும் சரவாக்கும் மலேசியாவில் சேர விரும்பினவா என்பதை அறிய 1963இல் ஐ.நா. குழு ஒன்று நேரில் வந்து பார்த்தது. விரும்பினார்கள் என்றே பொதுச்செயலாளர் ஊ தாண்ட் அறிவித்தார். படையினர் அல்லர், தொண்டர்கள் என்ற சாக்கும் எடுபடாது. ஆயுதம் ஏந்திய குழுக்களை எல்லை தாண்டி அனுப்புவதும், அதன் அளவும் விளைவும் பெரிதாக இருந்தால், ஆயுதத் தாக்குதல்தான் என்று பின்னாளில், 1986இல், நிகராகுவா வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆக 1964இல் சட்டம் மௌனமாக இல்லை. மலேசியாவின் பக்கம் இருந்தது.

செப்டம்பர் 17 அன்று வாக்கெடுப்பு. நார்வே கொண்டுவந்த தீர்மானம் மிகச் சாதுவானது. செப்டம்பர் 2 நிகழ்வுக்கு வருத்தம், இனி இப்படி நடக்கக் கூடாது என்ற கோரிக்கை, ஒருவர் நிலத்தை ஒருவர் மதியுங்கள், பேச்சைத் தொடருங்கள். படை அனுப்புவதும் இல்லை, தடை விதிப்பதும் இல்லை. அன்றைய மன்றத்தில் 11 நாடுகள். ஏழு வாக்கு இருந்தால் தீர்மானம் நிறைவேறும். ஒன்பது நாடுகள் ஆதரித்தன. செக்கோஸ்லோவாக்கியாவும் சோவியத் ஒன்றியமும் எதிர்த்தன. செக்கோஸ்லோவாக்கியாவின் கை வெறும் எதிர்வாக்கு. சோவியத்தின் கை வீட்டோ. தீர்மானம் அங்கேயே விழுந்தது.

ஒரு கோயில் நிர்வாகக் குழுவை நினைத்துப் பாருங்கள். பதினோரு பேரில் ஒன்பது பேர் ஒப்புக்கொண்ட பிறகும், கோயிலைக் கட்டிய ஐந்து குடும்பங்களில் ஒன்று தலையாட்டவில்லை என்பதால் காரியம் நின்றுபோகிறது. அந்தக் குடும்பத்துக்கு யார் மேல் உறவு, யார் மேல் பகை என்பதைப் பொறுத்தே எல்லாம். சாசனத்தின் 27வது பிரிவு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1945இல் போரில் வென்ற ஐந்து நாடுகள் அந்த உரிமை இல்லாமல் உள்ளே வரவே மாட்டோம் என்று நின்றன. மற்ற நாடுகள் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றன. சோவியத்துக்கு மலேசியா மேல் தனிப் பகை ஒன்றும் கிடையாது. சுகார்னோவின் இந்தோனேசியாவுக்கு அது ஏராளமாக ஆயுதம் விற்றுக்கொண்டிருந்தது, மலேசியாவுக்குப் பின்னால் பிரிட்டன் நின்றது, அவ்வளவுதான்.

வீட்டோ விழுந்து சரியாக ஆறு வாரத்தில் கெசாங்கில் படகு வந்தது. பார்த்தீர்களா, நாங்கள் சொன்னதுதானே என்று கடையில் பேசுகிறவர் இங்கே மேசையைத் தட்டலாம். கொஞ்சம் பொறுங்கள்.

தெரெண்டாக்கில் இருந்த அந்நிய வீரர்கள் எந்த உரிமையில் கெசாங்குக்கு வந்தார்கள்? சாசனத்தின் 51வது பிரிவு தாக்கப்பட்ட நாட்டுக்குத் தற்காப்பு உரிமையைத் தருகிறது. அது கேட்டுக்கொண்டால் நட்பு நாடுகளும் துணை நிற்கலாம். இதற்கு மன்றத்தின் முன் அனுமதி வேண்டாம். எடுத்த நடவடிக்கையை மன்றத்துக்கு அறிவித்தால் போதும். மலேசியா கேட்டது. பிரிட்டனோடு 1957இலேயே செய்த தற்காப்பு உடன்பாடு இருந்தது. ஆகவே வீட்டோ மன்றத்தின் வாயை அடைத்ததே ஒழிய, மலேசியாவின் கையைக் கட்டவில்லை. அந்நியப் படை ஒரு நாட்டில் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அதைத் தலையீடு என்றோ உதவி என்றோ சொல்லிவிட முடியாது. யார் அழைத்தார்கள், எதற்காக, எதுவரை என்பதைக் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தையும் சொல்லிவிடுவோம். அதே காலத்தில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் ‘கிளாரட்’ என்ற மறைப்பெயரில் எல்லை தாண்டி இந்தோனேசியக் கலிமந்தானுக்குள் புகுந்து தாக்கினார்கள். பல ஆண்டுகள் அது வெளியே சொல்லப்படவில்லை. தற்காப்பு உரிமை எல்லைக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை என்று வாதிடலாம். தாக்குதலை நிறுத்தத் தேவையான அளவுக்குள் இருந்தால் சட்டம் அதை ஏற்கக்கூடும். ஆனால் தேவையான அளவு எது என்று யார் பார்ப்பது? மன்றத்துக்குச் சொல்லாமல் மறைத்துச் செய்தால் யாராலும் பார்க்க முடியாது. இந்தோனேசியா பொய்ப் பெயரில் ஆள் அனுப்பியது. எதிர்த்தரப்பு பெயரே சொல்லாமல் அனுப்பியது. இரண்டும் ஒரே எடை என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டையும் பார்த்துவிட்டு எடைபோட வேண்டும் என்கிறேன்.

அந்த ஒன்பது வாக்குகளுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருந்தது. அவற்றில் மொரோக்கோ இருந்தது, ஐவரி கோஸ்ட் இருந்தது, பொலிவியா இருந்தது. புதிதாய் எழுந்த ஆசிய ஆப்பிரிக்க நாடுகளுக்கெல்லாம் நானே குரல் என்று சொல்லிக்கொண்டிருந்த சுகார்னோவுக்கு அது வலித்திருக்கும். அடுத்த ஆண்டு மலேசியாவுக்கு அதே மன்றத்தில் நிரந்தரமல்லாத இடம் கிடைத்ததும், 1965 ஜனவரியில் இந்தோனேசியா ஐ.நா.வை விட்டே வெளியேறியது. அந்த மன்றம் ஒன்றுக்கும் உதவாத வெற்று மேடை என்றால், அதில் அண்டை வீட்டான் உட்கார்ந்தான் என்பதற்காக யாராவது ஊரைவிட்டுப் போவார்களா? 1966 செப்டம்பரில் இந்தோனேசியா திரும்பி வந்தது. அதற்குள் ஜகார்த்தாவில் ஆட்சி கைமாறி, ஆகஸ்ட் 11 அன்று சமாதான உடன்பாடும் கையெழுத்தாகிவிட்டது. மறு ஆண்டு ஆசியான் பிறந்தது. பின்னாளில் சிபாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்ற சச்சரவை இதே இரு நாடுகளும் சேர்ந்து அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டு போயின. 2002 டிசம்பரில் தீர்ப்பு மலேசியாவுக்குச் சாதகமாக வந்தது, இந்தோனேசியா ஏற்றுக்கொண்டது. ஒரு தோட்டா வெடிக்கவில்லை. சட்டம் வேலை செய்யும்போது செய்தி ஆவதில்லை.

மலேசியா உட்கார்ந்த அந்த 1965ஆம் ஆண்டைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதவே இல்லை என்பது எனக்கு ஒரு குறை. அப்போது நம் நாட்டின் நிரந்தரப் பிரதிநிதி ராதாகிருஷ்ண ரமணி. கோலாலம்பூரில் பெயர்பெற்ற, இந்திய வம்சாவளி வழக்கறிஞர். மன்றத் தலைமை மாதம் ஒரு நாடாகச் சுற்றிவரும். 1965 மே மாதம் மலேசியாவின் முறை. ரமணி தலைமை நாற்காலியில் உட்கார்ந்தபோது மேசையில் இருந்தது டொமினிக்கன் குடியரசு.

அந்தக் கரீபியத் தீவு நாட்டில் உள்நாட்டுச் சண்டை. ஏப்ரல் 28 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இறங்கினார்கள். சில வாரங்களில் இருபதாயிரத்துக்கு மேல் போனது எண்ணிக்கை. முதலில் சொன்ன காரணம், எங்கள் குடிமக்களைக் காப்பாற்ற வந்தோம் என்பது. அடுத்து வந்த காரணம், இன்னொரு கியூபா உருவாகக் கூடாது என்பது. பிறகு அமெரிக்க நாடுகள் அமைப்பின் பெயரில் ஒரு கூட்டுப் படையாக அது மாற்றப்பட்டது. வட்டார அமைப்புகள் சச்சரவைத் தீர்க்க உதவலாம் என்று சாசனம் சொல்கிறது. ஆனால் மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அவை படைபலத்தால் ஒன்றைத் திணிக்கக் கூடாது என்று 53வது பிரிவு சொல்கிறது. எட்டு மாதத்துக்கு முன் மலேசியாவின் வழக்கில் கையைத் தூக்கிய சோவியத், இப்போது அமெரிக்காவைக் கண்டிக்கும் தீர்மானத்தோடு வந்தது. அது தேறவில்லை. தேறியிருந்தாலும் அமெரிக்காவின் கையில் வீட்டோ இருந்தது.

அதே விவாதத்தில் நடந்த இன்னொன்றுதான் கவனிக்கத்தக்கது. யாரைக் கண்டிப்பது என்ற பேச்சை விட்டுவிட்டு, மலேசியா உள்ளிட்ட மூன்று சிறு நாடுகள் ஒரு குறுகிய தீர்மானத்தை முன்வைத்தன: சண்டையை நிறுத்துங்கள், பொதுச்செயலாளர் தம் பிரதிநிதியை அங்கே அனுப்பி நிலைமையை மன்றத்துக்குச் சொல்லட்டும். மே 14 அன்று 203ஆம் தீர்மானமாக அது ஒருமனதாக நிறைவேறியது. வெனிசுவேலாவைச் சேர்ந்த மயோப்ரே ஊ தாண்டின் பிரதிநிதியாகப் போனார். அமெரிக்கப் படை அதனால் உடனே கிளம்பிவிடவில்லை. ஆனால் வல்லரசு ஒன்று தன் கொல்லைப்புறம் என்று நினைத்த இடத்தில் ஐ.நா.வின் ஒரு ஜோடிக் கண்கள் போய் உட்கார்ந்தன. குறைந்த பலன்தான்; அந்த நாற்காலியில் இருந்தவர்களுக்கு அதற்கு மேல் கைக்கு எட்டவில்லை.

மன்றத்தில் உட்காருவதற்கு விலையும் உண்டு. அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டபோது ரமணி மன்றத்தில் பேசிய பேச்சுக்காக, அக்டோபரில் பாகிஸ்தான் மலேசியாவோடு தூதரக உறவையே முறித்துக்கொண்டது. நமக்கேன் வம்பு என்று சிறு நாடுகள் ஏன் அடிக்கடி வாக்களிக்காமல் நழுவுகின்றன என்று கேட்பவர்களுக்கு இது ஒரு பதில். நல்ல பதில் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் நம் வாசகர்கள் கேட்கத் துடிக்கும் கேள்வி எனக்குத் தெரியும். இலங்கை?

யாழ்ப்பாணத்தை வைத்துத்தான் இந்தச் சட்டத்தின் கூர்மையையும் மொட்டையையும் ஒருங்கே பார்க்க முடியும். 1987 ஜூனில் வடமராட்சி நடவடிக்கையால் குடாநாடு முற்றுகையில் கிடந்தபோது, இந்தியா உணவும் மருந்தும் ஏற்றிப் படகுகளை அனுப்பியது. இலங்கைக் கடற்படை ஜூன் 3 அன்று திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்திய விமானங்கள், போர் விமானங்களின் காவலோடு, இலங்கையின் வான்வெளிக்குள் நுழைந்து பொதிகளைப் போட்டன. இலங்கை அனுமதிக்கவில்லை, பாதுகாப்பு மன்றமும் அனுமதிக்கவில்லை. சட்டப்படி பார்த்தால் அத்துமீறல். யாழ்ப்பாணத்து மக்கள் வானத்தைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்பின் இந்திய அமைதிப்படை வந்தது இலங்கை அரசின் சம்மதத்தோடு. படை வந்ததில் சட்டப் பிழை இல்லை. அக்டோபரில் அந்தப் படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. தீபாவளி நாளில், யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் அறுபது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். சட்டத்தை மீறி வந்தது அரிசி. சட்டப்படி வந்தது துப்பாக்கி.

அப்படியானால் சட்டத்தால் என்ன பயன் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். இங்கே இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, படை ஒரு நாட்டுக்குள் நுழையலாமா என்பதைச் சொல்வது. மற்றது, நுழைந்த படை எப்படி நடக்க வேண்டும் என்பதைச் சொல்வது. ஜெனீவா உடன்படிக்கைகள் இந்த இரண்டாவது வகை. முதலாவதில் தேறியவர் இரண்டாவதில் குற்றவாளி ஆகலாம். மருத்துவமனைக்குள் சுட்டதை அழைப்பிதழைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. அழைத்தவர் போகச் சொன்ன பிறகு தங்கவும் முடியாது: 1989இல் இலங்கை அதிபர் பிரேமதாச வெளியேறச் சொன்னார், 1990 மார்ச்சில் கடைசி வீரனும் கப்பல் ஏறினான்.

2009க்கு வருவோம். வன்னியில் போரின் இறுதி மாதங்களில் நடந்ததை ஐ.நா. ஏன் தடுக்கவில்லை என்றால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ‘சீனாவும் ரஷ்யாவும் வீட்டோ போட்டன’ என்பது. வீட்டோ போடப்படவே இல்லை. இலங்கை மன்றத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே ஏறவில்லை. அதிகாரபூர்வமற்ற கலந்துரையாடல்களோடும் ஓர் ஊடக அறிக்கையோடும் முடிந்தது. வீட்டோ வரும் என்ற எண்ணமே போதும், யாரும் தீர்மானம் எழுதி மேசையில் வைக்க மாட்டார்கள். பதிவேட்டில் தெரியாத வீட்டோ அது. ஐ.நா.வின் உள்ளமைப்பே தன் கடமையில் தவறியது என்று அவர்களே அமைத்த ஆய்வுக் குழு 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது.

ஆனால் கதை நியூயார்க்கோடு முடியவில்லை. 2009 மே 27 அன்று ஜெனீவாவில் மனித உரிமை மன்றம் கூடியது. அங்கே யாருக்கும் வீட்டோ கிடையாது. உறுப்பு நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வாக்கு. இலங்கை அரசுக்குச் சாதகமான தீர்மானம் 29க்கு 12 என்று நிறைவேறியது. ஆதரித்த 29இல் இந்தியா இருந்தது. மலேசியாவும் இருந்தது. 2012இல் இலங்கையிடம் பொறுப்புக்கூறலைக் கேட்ட தீர்மானம் வந்தபோது இந்தியா ஆதரித்தது. மலேசியா வாக்களிக்காமல் விலகிக்கொண்டது. வீட்டோவை ஒழித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வாக்குப் பதிவைப் படிக்க வேண்டும். வீட்டோ ஐந்து நாடுகளின் நோய். அண்டை அரசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் நாளை நம்மையும் ஏற்றுவார்கள் என்ற அச்சம் மற்ற நாடுகளின் நோய்.

நம் வெளியுறவு அமைச்சு, விஸ்மா புத்ரா, கொள்கை மாறாதது என்று சொல்லிக்கொள்ளும். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. வியட்நாம் படை 1979 தொடக்கத்தில் கம்போடியாவில் போல் போட்டின் கெமர் ரூஜ் ஆட்சியை விரட்டியபோது, அந்நியத் தலையீடு கூடாது என்று ஆசியான் எதிர்த்தது. கெமர் ரூஜும் சேர்ந்த கம்போடியக் கூட்டணி 1982 ஜூனில் கையெழுத்தானது கோலாலம்பூரில்தான். 1999இல் நேட்டோ மன்றத்தின் அனுமதி இல்லாமல் யூகோஸ்லாவியா மீது குண்டு வீசியது. அதை நிறுத்தச் சொல்லி ரஷ்யா கொண்டுவந்த தீர்மானம் 3க்கு 12 என்று தோற்றது. அந்தப் பன்னிரண்டில் மலேசியாவின் வாக்கும் ஒன்று, கொசோவோ முஸ்லிம்களின் துயரம் மனத்தில் இருந்தது. நான்கே ஆண்டு கழித்து ஈராக்கில் அமெரிக்கா அதே போல அனுமதியின்றி நுழைந்தபோது மலேசியா உரக்க எதிர்த்தது. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே காரணம் சொல்லலாம். நான்கையும் ஒரே சட்டத்தில் கோத்துக் காட்டச் சொன்னால் விஸ்மா புத்ராவுக்கும் வியர்க்கும்.

வீட்டோவின் கசப்பை மலேசியா இரண்டாம் முறை ருசித்தது எம்எச்17 விவகாரத்தில். 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட அந்த விமானத்தில் 298 பேர் இறந்தார்கள். 43 பேர் மலேசியர்கள். அடுத்த ஆண்டு மன்றத்தில் இடம்பெற்றிருந்த மலேசியா, குற்றவாளிகளை விசாரிக்கத் தனி நீதிமன்றம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தது. 11 ஆதரவு, மூன்று நாடுகள் விலகல், ஒரு எதிர்ப்பு. அந்த ஒன்று ரஷ்யா. 1964இல் உயர்ந்த அதே நாற்காலியின் கை. வழக்கு அதோடு சாகவில்லை: நெதர்லாந்து நீதிமன்றம் 2022 நவம்பரில் மூவரைக் குற்றவாளிகள் என்றது, 2025இல் அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் மன்றமும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ரஷ்யாவின் பொறுப்பை உறுதிசெய்தன. தண்டிக்கப்பட்டவர்கள் இந்தக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போகவில்லை. ஆனால் யார் செய்தது என்பது இனி வாதத்துக்குரிய செய்தி அல்ல.

திருத்தம் என்ன செய்ய முடியும்? இங்கே இரண்டு பேச்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. மன்றத்தில் யார் யார் உட்காருவது என்பது ஒன்று. இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் நிரந்தர இடம் கேட்கின்றன. ஆப்பிரிக்கா தனக்கு இரண்டு கேட்கிறது, வீட்டோவோடு. பாகிஸ்தானும் இத்தாலியும் புதிய நிரந்தர இடமே வேண்டாம் என்கின்றன. நம்மில் பலருக்கு இந்தியா நிரந்தர உறுப்பினரானால் தமிழனுக்கு ஒரு குரல் கிடைக்கும் என்ற ஆசை. 2009இன் வாக்கை நினைவில் வைத்துக்கொண்டு ஆசைப்படுவது நல்லது. நாற்காலிகள் கூடினால் மன்றம் உலகத்தின் முகத்தைக் கொஞ்சம் ஒத்திருக்கும். தீர்மானம் விழுவது குறையாது, வீட்டோ உள்ள கைகளும் கூடினால் அதிகமாகவே விழும்.

எனவே எனக்கு முக்கியமாகப் படுவது மற்றப் பேச்சு, வீட்டோவைப் பற்றியது. அதை ஒழிக்க 108வது பிரிவுப்படி சாசனத்தைத் திருத்த வேண்டும். 193 நாடுகளில் 129 ஆதரிக்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் உள்நாட்டிலும் உறுதிசெய்ய வேண்டும். அதில் அந்த ஐந்தும் அடக்கம். வீட்டோவை ஒழிப்பதற்கும் ஐவரின் சம்மதம் தேவை. ஆகவே ஒழிப்பு என்ற கோஷத்தைவிட, அதைப் போடுவதைக் கடினமாக்கும் வழிகளே பலன் தரும். நம் பிரதமராக இருந்த மகாதீர் 2018இல் பொதுப்பேரவையில் ஒரு யோசனை சொன்னார்: ஒரே ஒரு வல்லரசின் மறுப்பு போதாது, குறைந்தது இரு வல்லரசுகளும் வீட்டோ இல்லாத மூன்று உறுப்பினர்களும் சேர்ந்தால்தான் செல்ல வேண்டும், பிறகு பொதுப்பேரவையும் ஏற்க வேண்டும். அந்த விதி 1964இல் இருந்திருந்தால் சோவியத்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் மட்டும் சேர்ந்து மலேசியாவின் வழக்கைக் கொன்றிருக்க முடியாது. கூட்டுக் கொலைகள் நடக்கும்போது வீட்டோவைத் தாமாகவே கைவிட வேண்டும் என்று பிரான்சும் மெக்சிகோவும் ஒரு யோசனையை முன்வைத்திருக்கின்றன.

சாசனத்தைத் தொடாமலே நடந்த மாற்றம் ஒன்றும் உண்டு. 2022 ஏப்ரலில் லிக்டன்ஸ்டைன் என்ற மிகச் சிறிய நாடு முன்னின்று கொண்டுவந்த தீர்மானத்தின்படி, இப்போது யார் வீட்டோ போட்டாலும் பத்து வேலைநாள்களுக்குள் பொதுப்பேரவை கூடி அதை விவாதிக்கும். காசாவில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானத்தை 2023 டிசம்பர் 8 அன்று அமெரிக்கா தடுத்தது. நான்கு நாளில் பொதுப்பேரவையில் 153 நாடுகள் அதே கோரிக்கையை ஆதரித்தன, மலேசியாவும் அதில் சேர்ந்தது. பொதுப்பேரவைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது உண்மை. 1964இன் ஒன்பது வாக்குகளும் கட்டுப்படுத்தவில்லை.

ஐவரும் ஒருநாளும் இறங்கி வரமாட்டார்கள் என்பவர்களுக்கு ஒரே ஒரு முன்னுதாரணம்தான் காட்ட முடிகிறது. மன்றத்தை 11இலிருந்து 15ஆகப் பெருக்கும் சாசனத் திருத்தம் 1963 டிசம்பர் 17 அன்று பொதுப்பேரவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, ஆசிய ஆப்பிரிக்க நாடுகள் ஒன்று திரண்டிருந்தன. ஐவரில் அதை ஆதரித்தது ஒன்றே ஒன்று, அன்று தைவான் வைத்திருந்த சீனாவின் இடம். பிரான்சும் சோவியத்தும் எதிர்த்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் விலகி நின்றன. ஆனாலும் 97 நாடுகள் ஆதரித்துவிட்ட ஒன்றைத் தடுத்தவன் என்ற பெயரை எடுக்க அவற்றில் ஒன்றுக்கும் மனமில்லை. இரண்டு ஆண்டுக்குள் ஐந்தும் உறுதிசெய்தன; திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஆகஸ்ட் 31. நம் மெர்டேக்கா நாளும் அதுதான், தற்செயலாக. ரமணி அப்போது அந்த மன்றத்தில்தான் இருந்தார். மலேசியாவின் தவணை டிசம்பரில் முடிந்தது, ஜனவரியில் பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள்.